வெளிநாட்டு ஆர்டர் வந்தா நம்மூர் பொம்பளைகளுக்கு விடிஞ்சிருமா?

சேரமாதேவிக்காரி

எல்லாருக்கும் வணக்கம். இங்கன விவரம் தெரிஞ்சவிய நெறய பேரு இருக்கீக, அதான் கேக்கேன். எங்க தெருவுல ரெண்டு மூணு பிள்ளைக திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிருந்துச்சுக, 2025 ஆகஸ்ட் கடைசில அமெரிக்காக்காரன் 50 சதவீதம் வரி போட்டாம்லா, அதுக்குப் பொறவு ஷிப்ட் கொறஞ்சு போச்சுன்னு தீபாவளிக்கு வந்ததுக திரும்பிப் போகல. இப்ப அம்மைமாரு கூட உக்காந்து பீடி சுத்துதுக. காலேஜ்ல எங்க சார் என்ன சொல்லுதாருன்னா, உலக வங்கியும் டபிள்யூடிஓங்க உலக வர்த்தக அமைப்பும் சேந்து 2020ல ஒரு ரிப்போர்ட் போட்டாவளாம், வளர்ற நாடுகள்ல ஏற்றுமதி பண்ணுத கம்பெனில நூத்துக்கு 33 பேரு பொம்பளைக, ஏற்றுமதி பண்ணாத கம்பெனில 24தான், அதனால வர்த்தகம் கூடக் கூட பெண்களுக்கு அதிகாரம் கூடும்னு. இத வீட்ல வந்து சொன்னா எங்க சித்தி ஒரே சிரிப்பு. அவளும் கல்யாணத்துக்கு முன்ன மில்லுல இருந்தவதான். "அதிகாரமா? எனக்கா? மூணு வருசம் சம்பாதிச்சேன், எவ்வளவுன்னே எனக்குத் தெரியாது, எங்கப்பாட்ட கேளு"ங்கா.

இன்னொண்ணு, எங்க மாமா மவ பிளஸ் டூ முடிச்சிட்டு கங்கைகொண்டான் சோலார் கம்பெனிக்குப் போவேன்னு நிக்கா, மாமா விடமாட்டேங்காவ. அவளுக்காகவும்தான் கேக்கேன். இந்த உலக வர்த்தகம்லாம் நெசமாவே பொம்பளைகளுக்குப் பலம் குடுக்கா இல்லையா?

பாளை பாண்டியன்

தங்கச்சி, உங்க சார் சரியாத்தான் சொல்லியிருக்காரு. சித்தி சிரிச்சதுலயும் ஞாயம் இருக்கு, ஆனா அது வேற கணக்கு. வங்காளதேசத்த எடுத்துக்கிடுங்க. நாப்பது அம்பது வருசத்துக்கு முன்ன அங்க பொம்பளைக ஃபேக்டரில போய் சம்பளம் வாங்குததுங்கதே அபூர்வம். கார்மெண்ட்ஸ் வந்த பொறவு இன்னைக்கு 40 லட்சம் பேரு வேலை பாக்காவ, அதுல பாதிக்கு மேல பொம்பளைக. ரேச்சல் ஹீத், முஷ்ஃபிக் மொபாரக்னு ரெண்டு பேரு 2015ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாவ, கார்மெண்ட் ஃபேக்டரி கிட்டக்க இருக்க கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கல்யாணம் தள்ளிப் போவுது, சின்னப் பிள்ளைக கூடுதலா படிக்குதுக. எழுத்துக்கூட்டி வாசிக்கவும் கணக்குப் போடவும் தெரிஞ்சா நல்ல வேலை கெடைக்கும்னு அப்பன் ஆத்தாளுக்குத் தெரியுதுல்லா. டெல்லியச் சுத்தி ராபர்ட் ஜென்சன்னு ஒருத்தரு கால் சென்டர் மாதிரி வேலைக்கு ஆள் எடுக்குதவங்கள கிராமத்துக்கே அனுப்பிப் பாத்தாரு, அங்கயும் அதே கததான், வேலை உண்டுன்னு தெரிஞ்சதும் பிள்ளைகளப் படிக்க வச்சாவ, கல்யாணத்தத் தள்ளிப் போட்டாவ.

நம்மூரையே பாருங்க. இந்தியா முழுக்க ஃபேக்டரில வேலை பாக்குத பொம்பளைகள்ல நூத்துக்கு 43 பேரு தமிழ்நாட்டுல இருக்காவ. பனியன், ஷூ, செல்ஃபோன் எல்லாத்துலயும் வெளிநாட்டு ஆர்டர் இருக்கு. ஆர்டர் இல்லன்னா அந்தப் பிள்ளைக எல்லாம் 18 முடிஞ்ச மறுநாள் தாலியக் கட்டிக்கிட்டு அடுப்படில நிக்கும்.

முக்கூடலான்

பாண்டியன் அண்ணாச்சி, ஒரு நாளைக்கு எங்க வீட்டுக்கு வாரும். சம்பாத்தியம் வேற, அதிகாரம் வேறன்னு கண்ணால பாக்கலாம்.

எங்கம்மை காலைல சோறு பொங்கி வச்சிட்டு சொளவ மடில எடுத்தா, ராத்திரி சீரியல் முடியுத மட்டும் எறக்க மாட்டா. இலைய நனைச்சு ஈரத்துணில சுத்தி வைக்கணும், தகட்ட வச்சு கத்திரில வெட்டணும், தூள் போட்டு உருட்டி நூல் கட்டி மூக்க மடக்கணும். விரல் நகத்தோரம் எப்பமும் வெடிச்சே கெடக்கும். ஆயிரம் சுத்துனா முந்நூறு ரூவா தேறாது. மறுநாள் பீடிக்கடைல கொண்டு போய் வரிசைல நிக்கணும், அங்கன இருக்கவரு கட்ட எடுத்துப் பாத்துட்டு சொத்தைன்னு ஒரு கை அள்ளி அந்தப் பக்கம் போட்டாருன்னா போச்சு, துட்டும் கிடையாது பீடியும் திரும்பி வராது. குடுக்குத இலை மட்டமா இருந்தா பத்தாததுக்கு வெளிய காசு குடுத்து இலை வாங்கணும், அதுவும் எங்க துட்டுதான்.

இப்ப கேளும். எங்கக்கா நர்சிங் படிச்சது, எங்க வீடு ஓட்டுலருந்து காங்கிரீட் ஆனது எல்லாம் அந்தச் சொளவுலருந்து வந்த துட்டு. பட்டா யாரு பேர்ல? எங்கப்பா பேர்ல. அந்தக் காலத்துல பொண்ணு பாக்க வந்தா "பீடி சுத்துவாளா"ன்னுதான் மொத கேள்வி, பீடிக்கடைக் கணக்குப் புஸ்தகத்தையே சீரு மாதிரி பாப்பாவ.

வடகரைப் பையன்

அண்ணாச்சி பீடிக்கும் உலக வர்த்தகத்துக்கும் என்ன சம்பந்தம்? நம்மாளு சுத்துதான் நம்மாளு ஊதுதான்

முக்கூடலான்

அப்பிடி நெனைக்காத தம்பி. 1999ல கர்நாடகத்துல ஒரு பெரிய கம்பெனியோட பீடிய அமெரிக்கா கஸ்டம்ஸ் உள்ள விடாம நிப்பாட்டிச்சு, சின்னப் பிள்ளைகள கொத்தடிமையா வச்சு சுத்துதான்னு காரணம். வெளிய போற சரக்கு கொஞ்சந்தான், ஆனாலும் அங்க நிப்பாட்டுனா இங்க கம்பெனிக்காரன் பயப்படுதான்லா. பொறவு 2004ல உலக சுகாதார நிறுவனத்தோட புகையிலை ஒப்பந்தத்த இந்தியா ஏத்துக்கிட்டுச்சு, 2017ல ஜிஎஸ்டி 28 சதவீதம், எல்லாம் நல்லதுக்குத்தான், புகையிலை கூடாதுதான். ஆனா பதிலுக்கு இந்தப் பொம்பளைகளுக்கு என்ன வேலைன்னு ஒருத்தனும் சொல்லல.

இன்னொரு விசயம். வீட்ல இருந்து வேலை பாக்குதவங்களுக்குன்னே ஐஎல்ஓங்க உலகத் தொழிலாளர் அமைப்பு 1996ல ஒரு ஒப்பந்தம் கொண்டு வந்துச்சு, 177ஆம் நம்பரு. இந்தியா இன்னும் அதுல சேரல. பீடிக்கு 1966லயே தனிச் சட்டம், 1976ல நலநிதிச் சட்டம்னு இருந்ததால பிஎஃப்பு, முக்கூடல் பீடி ஆஸ்பத்திரி, பிள்ளைகளுக்கு ஸ்காலர்ஷிப்புன்னு ஏதோ கெடச்சுது. அதுவும் சங்கம் வச்சு சண்ட போட்டவிய வாங்கிக் குடுத்ததுதான். வீட்ல உக்காந்து ஏற்றுமதி துணிக்கு பட்டன் தைக்கவ, பாசி கோக்கவ, இவளுகளுக்கு அது கூட கிடையாது.

திசையன்விளை டீச்சர்

நீங்க எல்லாரும் நேத்து முந்தாநாள் கதையையே பேசுதீங்க. நம்ம பக்கத்துப் பொம்பளைக செஞ்ச சாமான் கடல் தாண்டிப் போயி ஏறக்குறைய 200 வருசம் ஆச்சு. நாகர்கோவில்ல மார்த்தா மால்ட்னு ஒரு மிஷனரி அம்மா 1820கள்லயே பிள்ளைகளுக்கு லேஸ் பின்னச் சொல்லிக் குடுத்தாங்க. அவங்க மக எலைசாதான் 1844ல கால்டுவெல்லக் கட்டிக்கிட்டு இடையன்குடிக்கு வந்து, இங்கயும் அதே லேஸ் வேலைய ஆரம்பிச்சது. தேரிமணலும் பனையும் தவிர ஒண்ணும் இல்லாத ஊரு அது. தலகாணி மாதிரி ஒரு உருட்டு வச்சு, டிசைன் பேப்பர்ல குண்டூசி குத்தி, நூல் சுத்துன சின்னச் சின்னக் குச்சிகள மாத்தி மாத்திப் போட்டுப் பின்னணும், கண்ணு போயிரும். வித்தது எல்லாம் வெள்ளக்காரங்களுக்கு, இங்கிலாந்துக்குக் கூடப் போச்சு.

இதுல முக்கியமான சங்கதி என்னன்னா, திருவிதாங்கூர்ல அப்ப அடிமை முறை இருந்த காலம், லேஸ் பின்னுன சில பொம்பளைக அந்தக் காச சேத்து வச்சு தங்களையே விலை குடுத்து மீட்டுக்கிட்டாங்கன்னு மிஷன் பதிவுகள்ல இருக்கு. இத விட பெரிய அதிகாரம் என்ன வேணும்? ஆனா மறுபக்கமும் சொல்லணும்லா, ஆர்டர் பிடிச்சது மிஷனரி அம்மா, வெலை சொன்னது அவங்க, நூல் கொண்டாந்ததும் அவங்க. பின்னுனவளுக்கு வாங்குதவ யாருன்னே தெரியாது. அவங்க காலம் முடிஞ்சதும் மெஷின் லேஸும் வந்து இடையன்குடி லேஸுக்கு பழைய மவுசு போயிட்டு. வேலை தெரிஞ்சவ இருந்தா, சந்தை தெரிஞ்சவ ஒருத்தியும் இல்ல.

நூல்பட்டி நெல்லையான்

நான் திருப்பூர்ல மெர்ச்சண்டைசரா, அதான் வெளிநாட்டு ஆர்டரக் கவனிக்குத வேலைல, குப்பை கொட்டுதேன், சொந்த ஊரு ஆலங்குளம் பக்கம். உள்ள எப்பிடி நடக்குன்னு சொல்லுதேன் கேளுங்க. வெளிநாட்டு பையர் ஒரு டீ-சர்ட்டுக்கு வெல சொல்லுவான், போன வருசத்த விட நாலு காசு கொறச்சுத்தான் சொல்லுவான், முடியாதுன்னா டாக்கால குடுப்பேன், வியட்நாம்ல குடுப்பேன்னு மெயில் வரும். நூல் வெலைய நாங்க கொறைக்க முடியாது, சாயப்பட்டறை வெலைய கொறைக்க முடியாது, கரண்டு பில்ல கொறைக்க முடியாது. மிச்சம் இருக்கது கூலி மட்டுந்தான். அதுலயும் டைலர் கூலில கை வச்சா அவன் மறுநாளே பக்கத்து கம்பெனிக்குப் போயிருவான். அப்ப யாரு மாட்டுதா? செக்கிங், கைமடி, பிசிறு வெட்டுதவ. இந்த மூணுலயும் ஏறக்குறைய எல்லாமே பொம்பளைக. ஷிப்ட் இல்லன்னா காலைல கேட்டுலயே "இன்னைக்கு இல்லம்மா"ன்னு திருப்பி அனுப்பிருவாவ.

வரி போட்டப்ப இதான் நடந்துச்சு. பெரிய கம்பெனிக்காரன் பையர் கூட பேசி டிஸ்கவுண்ட் குடுத்து ஓட்டுனான், அவனுக்குக் கூலிக்குத் தச்சுக் குடுக்குத சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டுதான் மொத படுத்துச்சு. வரி கூடுது கொறையுதுன்னு நியூஸ்ல மாத்தி மாத்தி வரும், ஆனா ஒருக்கா வேற நாட்டுக்குப் போன ஆர்டர் அவ்வளவு சுளுவா திரும்பாது. தங்கச்சி தெருவுல உள்ள பிள்ளைக தீபாவளிக்கு வந்து அப்பிடியே நின்னுட்டுன்னா அதுக்கு இதான் காரணம்.

ஸ்பின்னிங் மில்லு கதை இன்னும் மோசம். சுமங்கலித் திட்டம்னு பேரு வச்சு நம்ம திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர் பக்கத்துப் பிள்ளைகளத்தான் ஏஜெண்டு வேன்ல ஏத்திக்கிட்டுப் போவான். மூணு வருசம் ஹாஸ்டல்ல இருந்து வேலை பாத்தா கடைசில மொத்தமா முப்பதாயிரம், அம்பதாயிரம் கல்யாணத்துக்கு. நடுவுல ஒடம்பு சரியில்லாம வந்துட்டா அந்தத் துட்டு கோவிந்தா. 2011ல நெதர்லாந்துலருந்து இதப் பத்தி ஒரு அறிக்கை வந்து உலகம் பூரா நாறுச்சு, அதுக்குப் பொறவுதான் பையர்மாரு நூல் எங்கருந்து வருதுன்னே கேக்க ஆரம்பிச்சாவ. சித்திக்கு தன் சம்பளம் தெரியாதுன்னு சொன்னதுல எனக்கு ஆச்சரியமே இல்ல.

வல்லநாட்டான்

எல்லாஞ் சரி. பொம்பளைக பூரா கம்பெனிக்குப் போனா வீட்ட யாரு பாப்பா, பிள்ளைய யாரு பாப்பா. அந்தக் காலத்துல நிம்மதியா இருந்தாவ

அம்பை அத்தை

எய்யா ராசா, அந்தக் காலத்துல யாருவே நிம்மதியா இருந்தது, உங்க தாத்தாவா உங்க ஆச்சியா? உங்க ஆச்சி விடியக்காலம் களத்துமேட்டுல நெல்லு தூத்திட்டு வந்து உங்க தாத்தாவுக்கு வெந்நி போட்டிருப்பா, அத வேலைன்னு யாரும் எழுதி வைக்கல, அவ்வளவுதான். நீரு மொத சாப்பிட்ட தட்டக் கழுவும், பொறவு வந்து பேசும்.

நான் இங்கன எழுத வந்தது மாஞ்சோலை தேயிலைத் தோட்டம் பத்தி. எங்க வீட்டுக்காரரு அங்க டிஸ்பென்சரில வேலை பாத்தாவ, நானும் கொஞ்ச காலம் நாலுமுக்குல இருந்திருக்கேன். தேயிலைதான உலக வர்த்தகத்துலயே பழசு? 1929ல சிங்கம்பட்டி ஜமீன் 99 வருசக் குத்தகைக்கு விட்ட காடு, வெள்ளக்காரன் வெட்டிக் குடுத்த தொழில். கொழுந்து கிள்ளுதது பொம்பளைக வேலை. விடியுமுன்ன காலுல புகையிலையும் சுண்ணாம்பும் தேச்சிக்கிட்டுப் போவாளுக, இல்லன்னா அட்டை ஒட்டிக்கிடும். இடுப்புல படுதாவ சுத்திக்கிட்டு, மழையோட மழையா கிள்ளி, சாயங்காலம் நிறுவை. தண்ணிக் கழிவுன்னு கிலோவக் கொறச்சிட்டுத்தான் எழுதுவான் கங்காணி. கையில சம்பளம் வந்துச்சு, ஆஸ்பத்திரி இருந்துச்சு, இல்லன்னு சொல்ல மாட்டேன், கீழ வயக்காட்டுல நின்னவளுக்கு அது கூட கிடையாது. பொம்பளையாளுக ஆம்பளைக்குச் சமமா நின்னு கூலி கேட்டுப் பேசுனதும் அங்கதான் நான் பாத்தேன்.

அந்தப் பேச்சு எங்க கொண்டு போய் விட்டுச்சுன்னு திருநெல்வேலிக்காரனுக்குச் சொல்லணுமா? 1999 ஜூலை 23, கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் போனாவ, போலீஸ் தடியடில கொக்கிரகுளத்து ஆத்துல விழுந்து 17 பேரு செத்தாவ. அதுல பொம்பளையும் உண்டு, கைப்பிள்ளையும் உண்டு.

இப்ப குத்தகை 2028ல முடியுதுன்னு 2024லயே கம்பெனி விருப்ப ஓய்வு குடுத்து கணக்க முடிக்கப் பாத்துச்சு. நாலு தலமுறையா தோட்டத்து லயத்து வீட்டுல இருந்தவளுக்கு கீழ ஒரு சென்ட் நெலம் கிடையாது. தேயிலை எந்த நாட்டுக்குப் போச்சோ, கிள்ளுனவ கல்லிடைக்குறிச்சில வாடகைக்கு வீடு தேடுனா.

வடகரைப் பையன்

அத்தை 👏 வல்லநாட்டு அண்ணன் ஆஃப்லைன் போயிட்டாரு

முத்துநகர் மவ

நான் தூத்துக்குடி. எங்கக்கா இறால் கம்பெனில வேலை பாக்கா. எங்க ஊர்ல பொம்பளைக வேலைன்னா ஒண்ணு உப்பளம், இல்லன்னா மீன் கம்பெனி, இல்லன்னா காஞ்ச பூ கம்பெனி, பூவையும் காயையும் காயவச்சு சாயம் போட்டு அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்புவாவ, அலங்காரத்துக்கு வைக்கதுக்கு. உப்பளத்துல வெயில்ல கண்ணு கூசி கால் வெடிச்சுப் போறதுக்கு இறால் கம்பெனி எவ்வளவோ தேவலாம்னு எங்கக்கா சொல்லுவா. ஆனா உள்ள ஒரே குளிரு. ஐஸ் தண்ணிக்குள்ளயே கைய வச்சு தல கிள்ளி, ஓடு உரிச்சு, முதுகுல இருக்க கருப்பு நரம்ப இழுக்கணும். கொஞ்ச நேரத்துல விரல் இருக்கா இல்லையான்னே தெரியாதாம். அமெரிக்கா வரி கூடுனப்ப ஆள் ஏத்துத கம்பெனி வேன் வாரத்துல பாதி நாள் வரல, இறாலுக்கு ஏற்கனவே, ரொம்ப மலிவா கொண்டாந்து கொட்டுதாவன்னு தனியா ஒரு டம்பிங் வரி வேற உண்டாம்லா.

நான் சொல்ல வந்தது அது இல்ல. அக்காவுக்கு சம்பளம் பேங்க்ல போடுதாவ, ஏடிஎம் கார்டு மச்சான்ட்ட. சம்பளம் போட்டன்னைக்கு மெசேஜ் வாரதும் அவர் ஃபோனுக்குத்தான். மச்சான் கெட்டவரு இல்ல, குடிக்க மாட்டாரு, ஆனா அக்கா தல தீபாவளிக்கு எங்கம்மைக்கு ஒரு சேல எடுக்கணும்னு கேட்டு முடியாமப் போச்சு. அவ வேலை பாக்குத இடத்துல கூட உக்காந்து இறால் உரிக்கவ ஒருத்திதான் சொல்லிக் குடுத்திருக்கா, பேங்க்ல போய் ஃபோன் நம்பர மாத்து, புது கார்டு எழுதிக் குடுன்னு. அக்கா போய் மாத்திட்டா. வீட்ல ஒரு வாரம் பேச்சு வார்த்தை இல்ல, பொறவு சரியாயிட்டு. இப்ப மச்சான் பெட்ரோலுக்கு அக்காட்ட கேக்காரு.

இத பீடி சுத்துதவ எப்பிடி செய்வா? அவ திண்ணைல தனியால்லா உக்காந்திருக்கா.

முக்கூடலான்

தனியா இல்ல தாயி, நாலஞ்சு பேரு சேந்துதான் திண்ணைல சுத்துவாவ. ஆனா எல்லாரும் சொந்தக்காரி, மாமியா, நாத்தனா. ஏடிஎம் கார்டு விசயத்த மாமியா முன்னால பேச முடியுமா?

பாளை பாண்டியன்

நானும் இதத்தான சொல்லுதேன்! வீட்ட விட்டு வெளிய வந்து, முன்னப் பின்ன தெரியாத பத்து பொம்பளை கூட உக்காந்தாத்தான் இந்தப் புத்தி வரும். அந்த இடத்த உண்டாக்குனது ஏற்றுமதி.

அத்தை சொன்ன மாஞ்சோலை வேதனைதான், ஆனா அது வெளிநாட்டு வியாபாரத்தோட குத்தமா, இங்க நெலம் குடுக்காத நம்ம அரசாங்கத்தோட குத்தமா? அதே மாதிரி கங்கைகொண்டான். தங்கச்சியோட மாமா மவ போகட்டும். அந்த சோலார் கம்பெனில பெரும்பாலும் பொம்பளைப் பிள்ளைகதான், எல்லாம் நம்ம மானூர், தாழையூத்து, கயத்தாறு பக்கத்துப் பிள்ளைக. உலகம் பூரா சோலாருக்கு கிராக்கி, அதான் நம்மூருக்கு வந்திருக்கு.

கடையம் கணக்கு

பாண்டியன் சார், அவசரப்படாதீரும். அந்த சோலார் வேலை வந்ததுக்கு காரணம் வர்த்தகம் தெறந்தது இல்ல, அடைச்சது. சீனாக்காரன் மாட்யூல், அதான் சோலார் தகடு, கொறஞ்ச வெலைக்கு வந்து குமிஞ்சிக்கிட்டு இருந்துச்சு. 2022 ஏப்ரல்ல இந்தியா மாட்யூலுக்கு 40 சதவீதம், அதுக்குள்ள இருக்க சோலார் செல்லுக்கு 25 சதவீதம் சுங்கவரி போட்டுச்சு, அரசாங்கத் திட்டத்துக்கு இன்ன கம்பெனி மாட்யூல்தான் போடணும்னு லிஸ்டும் வச்சாவ. அதுக்குப் பொறவுதான் கங்கைகொண்டான் மாதிரி ஃபேக்டரி எல்லாம் கணக்குக்குக் கட்டுபடியாச்சு. அமெரிக்கா வரி போட்டதுல திருப்பூர்ல உங்க தெருப் பிள்ளைக்கு வேலை போச்சு, இந்தியா வரி போட்டதுல கங்கைகொண்டான்ல மாமா மவளுக்கு வேலை வருது. அப்ப தெறந்து விட்டா நல்லதா, அடைச்சா நல்லதான்னு ஒரே வாய்ல சொல்ல முடியாது.

முந்திரிய எடுத்துக்கிடும். மார்த்தாண்டம் பக்கம் போய்ப் பாத்தா தெரியும், கொட்டை உடைக்குதது அம்புட்டும் பொம்பளைக, பாலு பட்டு கையெல்லாம் வெந்து கருத்துக் கெடக்கும். கொட்டை ஆப்பிரிக்காலருந்து வருது, பருப்பு அமெரிக்காவுக்கும் கல்ஃபுக்கும் போவுது. வியட்நாம்காரன் மெஷின் போட்டு முந்திட்டான். இங்கயும் மெஷின் வந்தா கை வேகாது, ஆனா கையும் வேண்டாம்னு ஆயிரும். வங்காளதேசத்துலயே பாரும், ஒரு காலத்துல கார்மெண்ட்ல 80 சதவீதம் பொம்பளைன்னு சொன்னாவ, இப்ப 60 பக்கம் வந்துட்டு. நல்ல மெஷினு, நல்ல சம்பளம்னா ஆம்பளை வந்து உக்காந்துக்கிடுதான். அத யாரும் பேச மாட்டேங்காவ.

2017ல ப்யூனஸ் அயர்ஸ்ல டபிள்யூடிஓ மாநாடு நடந்தப்ப, வர்த்தகமும் பெண்கள் முன்னேற்றமும்னு ஒரு பிரகடனம் போட்டாவ, நூத்துக்கு மேல நாடுக கையெழுத்து. இந்தியா சேரல. இதச் சாக்கா வச்சு நாளைக்கு பணக்கார நாடுக நம்ம சரக்க நிப்பாட்டும்ங்கது நம்மாளுக பயம். அந்தப் பயம் முழுப் பொய்யும் இல்ல, ஆனா அதையே சொல்லிக்கிட்டு இங்க ஃபேக்டரி இன்ஸ்பெக்டர அனுப்பாம இருக்கதுக்கு அது சாக்கு ஆகாது.

சேரமாதேவிக்காரி

கணக்கு அண்ணாச்சி, இது எங்க சாருக்கே தெரியாது போல, நாளைக்கு கிளாஸ்ல கேக்கேன் பாருங்க.

நூல்பட்டி அண்ணாச்சி, ஒரு சந்தேகம். வெளிநாட்டுக்காரன் கேள்வி கேட்டா இங்க ஏதாவது மாறுதா? முக்கூடல் அண்ணாச்சி சொன்ன மாதிரி சரக்க நிப்பாட்டுனா கடைசில வேலை போறது அந்தப் பொம்பளைக்குத்தான?

நூல்பட்டி நெல்லையான்

நல்ல கேள்வி. ஃபேக்டரி ஒழுங்கா இருக்கான்னு பையர் ஆள் அனுப்பிப் பாக்குத ஆடிட் பத்தி மொத சொல்லிருதேன். ஆடிட் வாரதுக்கு முந்துன நாளு கக்கூஸுக்கு பினாயில் ஊத்துவாவ, முதலுதவிப் பெட்டில பஞ்சு வைப்பாவ, யார்ட்ட என்ன சொல்லணும்னு பாடம் நடக்கும். வங்காளதேசத்துல ராணா பிளாசான்னு கார்மெண்ட் கம்பெனிக இருந்த கட்டடம் 2013 ஏப்ரல் 24ல இடிஞ்சு 1,100 பேருக்கு மேல செத்தாவள்லா, அந்தக் கட்டடத்துல இருந்த கம்பெனிகளுக்கும் ஆடிட் நடந்துதான் இருந்துச்சு. முந்துன நாளே சுவரு விரிசல் விட்டுட்டு, பயமா இருக்குன்னு நின்ன பொம்பளைகள சம்பளத்த நிப்பாட்டுவோம்னு சொல்லி உள்ள அனுப்புனாவ. அங்க சங்கம் இல்ல, "போக மாட்டோம்"னு சேந்து சொல்ல ஆளில்ல.

மாறுனதுக்கு ஒரு உதாரணம் பக்கத்துலயே இருக்கு. 2021 ஜனவரில திண்டுக்கல் பக்கம் ஒரு ஏற்றுமதி கம்பெனில வேலை பாத்த ஒரு தலித் பிள்ளைய அவ சூப்பர்வைசரே கொன்னு போட்டான். எப்பவும் போல நாலு நாள் பேசிட்டு மறந்திருப்பாவ. ஆனா பொம்பளைகளே நடத்துத தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடல. 2022ல கம்பெனியோட ஒப்பந்தம் போட்டாவ, திண்டுக்கல் ஒப்பந்தம்னு பேரு. அதுல எச் அண்ட் எம், கேப் மாதிரி பிராண்டும் கையெழுத்து. சும்மா லெட்டர்பேடு உறுதிமொழி கிடையாது, கம்பெனி மீறுனா ஆர்டர் பாதிக்கும்னு எழுதிக் கெடக்கு. ஒவ்வொரு லைன்லயும் வேலை பாக்குத பொம்பளைல ஒருத்திக்குப் பயிற்சி குடுத்து, சூப்பர்வைசர் அசிங்கமா பேசுனாலோ கைய வச்சாலோ புகார் எடுக்க வச்சாவ. நடுவுல அமெரிக்கா கஸ்டம்ஸ் அந்த ஃபேக்டரி சரக்க நிப்பாட்டி, ஒப்பந்தம் நடக்குன்னு பாத்து ரெண்டு மாசத்துக்குள்ளயே தடைய எடுத்துட்டு. அதான் உன் கேள்விக்குப் பதில். தடைய மட்டும் போட்டுட்டு போயிட்டா வேலை போவும். உள்ள இருக்க பொம்பளை கையில பிடி இருந்து, அவ சொல்லுதத பையர் கேட்டே ஆகணும்னா, கத வேற. ஆனா இது இன்னும் விரல் விட்டு எண்ணுத அளவுதான், திருப்பூர்ல முக்காவாசி யூனிட்டுல சங்கம்னு சொன்னாலே மறுநாள் ஷிப்ட் இருக்காது.

பத்தமடைப் பேத்தி

இவ்வளவு நேரம் வாசிச்சிக்கிட்டுதான் இருந்தேன். எங்க வீட்ல பாய் நெய்வாங்க. கோரைய கீறி, ஆத்துத் தண்ணில ஊறப் போட்டு, காய வச்சு, திரும்ப கீறி நூல் மாதிரி எடுத்து பட்டுப்பாய் நெய்யுததுக்கு மாசக்கணக்காவும். இந்த ஊரு பாய்னு சொல்லுத ஜிஐ டேக், அதான் புவிசார் குறியீடு, வந்து பத்து வருசத்துக்கு மேல ஆச்சு, வெளிநாட்டுக் கண்காட்சிக்கெல்லாம் பாய் போவும். பாய் மட்டுந்தான் போவும். நெய்த எங்கம்மா பாஸ்போர்ட்டே எடுத்ததில்ல. இப்ப நான் இன்ஸ்டால ஆர்டர் எடுக்கேன், துபாய்ல இருக்க நம்மாளுகதான் வாங்குதாங்க, வெலைய அம்மாதான் சொல்லுவா. ஒரு பாய்க்கு என்ன வெலைன்னு சொல்ல அவளுக்கு மொதல்ல வாயே வரல, இப்ப வாரா.

திசையன்விளை டீச்சர்

இடையன்குடி லேஸுக்கும் இப்பிடி ஒரு பேத்தி வந்தா நல்லாயிருக்கும்.

வல்லநாட்டான்

தட்டக் கழுவிட்டேன் அத்தை. இப்ப ஒரு விசயம் சொல்லலாமா. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்ஃபோன் கம்பெனில கல்யாணம் ஆன பொம்பளைகள வேலைக்கு எடுக்கதில்லன்னு 2024ல ராய்ட்டர்ஸ் நியூஸ் போட்டான், மத்திய அரசே அறிக்கை கேட்டுச்சு. அப்ப கம்பெனிக்காரனும் எங்கள மாதிரிதான நெனைக்கான், கட்டிக்கிட்டவ வீட்டப் பாக்கட்டும்னு

அம்பை அத்தை

பாத்தீரா, தட்டக் கழுவுனதும் புத்தி தெளிஞ்சிட்டு. அதேதான்யா. 19 வயசுல எடுத்து ஹாஸ்டல்ல வச்சு, கல்யாணம்னதும் போயிட்டு வான்னு அனுப்புதான், பொறவு அடுத்த 19. 2021 டிசம்பர்ல ஹாஸ்டல் சோறு விஷமாகி ஒடம்பு முடியாமப் போயி அந்தப் பிள்ளைகதான ராத்திரி பூரா சென்னை பெங்களூர் ரோட்ட மறிச்சுதுக? அதுகளுக்கு அந்தத் தைரியம் யாரு குடுத்தா, ஒரே ஹாஸ்டல்ல அத்தன பேர ஒண்ணா வச்ச கம்பெனிக்காரன்தான் குடுத்தான், அவனுக்கே தெரியாம.

சேரமாதேவிக்காரி மக்கா, உங்க மாமாட்ட போய் சண்ட போடாத. பிள்ளைய விடுங்க மாமா, ஆனா நாங்க சிலது கேட்டுட்டு விடுதோம்னு சொல்லு. சம்பளம் அவ பேர்ல உள்ள அக்கவுண்டுக்கு வரணும், ஃபோன் நம்பரும் அவளது. பிஎஃப் நம்பர் முதல் மாசமே வாங்கணும். கம்பெனி ரோல்லயா, காண்ட்ராக்ட் ஏஜென்சிலயான்னு கேக்கணும், ரொம்பப் பேரு அதக் கேக்காமத்தான் ஏமாறுதாவ. பாலியல் புகார் கமிட்டில யாரு இருக்கான்னு போர்டுல எழுதிப் போட்டிருக்கான்னு பாக்கணும். ஹாஸ்டல் வேண்டாம், தெனமும் வீட்டுக்கு வரட்டும், அப்பத்தான் உங்க மாமாவும் ஒத்துக்கிடுவாவ.

சேரமாதேவிக்காரி

சரி அத்தை. காண்ட்ராக்ட் விசயம் எங்களுக்குத் தோணவே இல்ல. மாமாட்ட நாளைக்கே பேசுதேன், சித்தியையும் கூட கூட்டிக்கிட்டுப் போறேன், அவ சொன்னா மாமா கேப்பாவ.

யாருக்காவது தெரியுமா, கம்பெனி பஸ் சேரமாதேவி வரைக்கும் வருதா, இல்ல பேட்டை வந்து ஏறணுமா? நைட் ஷிப்டுக்கும் உண்டா?

வடகரைப் பையன்

எங்க தெருவுல ஒரு அக்கா போறாவ, கேட்டுட்டு ராத்திரி சொல்லுதேன்